டெலிகிராமில் வந்த தீட்சைப் பத்திரம்

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். என் தம்பிக்கு 24 வயது. 'ஓர்டோ டெம்ப்லி ஓரியென்டிஸ்' என்ற ரகசிய சபையில் சேர்த்துவிடுவதாக டெலிகிராமில் ஒருவர் சொன்னதை நம்பி 350 பவுண்ட் அனுப்பிவிட்டான். முத்திரையும் கையெழுத்துமாக ஒரு சான்றிதழ் பிடிஎஃப் வந்திருக்கிறது. மூன்றாம் படிக்கு ஏற்ற இன்னும் 900 பவுண்ட் கேட்கிறார்கள். 'உங்கள் சேர் பொன்னம்பலம் இராமநாதனே எங்கள் சபைக்காரர்தான்' என்றும் சொன்னார்களாம். தம்பி சாத்தான் கும்பலில் விழுந்துவிட்டான் என்று அம்மா அழுகிறார். இது உண்மையான சபையா? என்ன செய்வது?

பதில்:

சபை உண்மை. உங்கள் தம்பியைச் சேர்த்தவர் பொய். 900 பவுண்டை அனுப்ப விடாதீர்கள்.

முதலில் காசைப் பார்ப்போம். 350 பவுண்ட் வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு பிரிட்டிஷ் வங்கிக் கணக்குக்குப் போயிருந்தால் இன்றே உங்கள் வங்கியைக் கூப்பிட்டு, 'ஏமாற்றி அனுப்ப வைத்தார்கள்' என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். 2024 அக்டோபர் 7 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, இப்படி ஏமாந்த பணத்தை 85,000 பவுண்ட் வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். பணம் அனுப்பிய 13 மாதங்களுக்குள் கேட்டாக வேண்டும். 100 பவுண்ட் வரை கழித்துக்கொள்ள வங்கிக்கு உரிமை உண்டு. கிரிப்டோவாகவோ, கிஃப்ட் கார்டாகவோ, வெளிநாட்டுக் கணக்குக்கோ போயிருந்தால் இந்த விதி உதவாது. போலீஸிலும் புகார் கொடுங்கள். ஒரு எண் தருவார்கள். 350 பவுண்டுக்காக யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டப் போவதில்லை. இருந்தாலும் அந்த எண் வங்கியில் பேச உதவும்.

இதை மோசடி என்று நான் உறுதியாகச் சொல்லக் காரணம் எளிது. ஓ.டி.ஓ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தச் சபையில் தீட்சை நேரில்தான் தருவார்கள். ஃப்ரீமேசன் என்ற சகோதர சங்கத்தின் லாட்ஜ், அதாவது கிளை, பாணியில் ஒரு கூடம், அதிகாரிகள், ஒரு சடங்கு, அதில் ஆள் நிற்க வேண்டும். மினர்வல் என்ற தொடக்கப் படி முடித்து, பிறகு முதல் படி, இரண்டாம் படி என்று இடைவெளி விட்டுத்தான் ஏற முடியும். வீட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டே மூன்றாம் படிக்குப் போவதெல்லாம் நடக்காது. கட்டணமும் ஆண்டுச் சந்தாவும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அதைக் கேட்பது முகமும் முகவரியும் உள்ள ஒரு லாட்ஜ். டெலிகிராமில் ஒளிந்திருப்பவர் கேட்க மாட்டார்.

சான்றிதழில் முத்திரை இருக்கிறதே என்று தம்பி சொல்வான். அதற்கு இந்தச் சபையின் பிறப்பையே பதிலாகச் சொல்லலாம். கார்ல் கெல்னர் என்று ஓர் ஆஸ்திரிய ரசாயன நிபுணர். காகிதக் கூழ் தயாரிப்பில் பணக்காரரானவர், யோகத்தில் ஈடுபாடு உள்ளவர். 1896-இலேயே யோகம் பற்றி ஜெர்மனில் ஒரு சிறு நூல் எழுதியவர். அவரோடு சேர்ந்தவர் தியோடர் ரியூஸ் என்ற ஜெர்மானியர். பாடகர், பத்திரிகையாளர், லண்டன் சோஷலிஸ்டுகள் போலீஸ் உளவாளி என்று சந்தேகித்து வெளியேற்றிய ஆள். 1902-இல் மான்செஸ்டர் பக்கம் இருந்த ஜான் யார்க்கர் என்பவரிடமிருந்து சில மேசனியச் சடங்குகளை நடத்தும் சாசனத்தை ரியூஸ் வாங்கினார். 1905-இல் கெல்னர் இறந்துபோக, அடுத்த ஆண்டு ரியூஸ் சபைக்கு விதிமுறை எழுதி வெளியிட்டார். அதன் பிறகு கேபிள் கனெக்‌ஷன் மாதிரி ஊருக்கு ஊர் உரிமம் கொடுத்தார். 1906-இல் ருடால்ஃப் ஸ்டெய்னர் என்ற ஆஸ்திரிய தத்துவவாதிக்கு ஒரு பத்திரம், 1912-இல் பிரிட்டனுக்கு அலெய்ஸ்டர் குரோலி என்ற ஆங்கிலேய மந்திரவாதியிடம் ஒரு பத்திரம், 1921-இல் அமெரிக்காவில் ஹார்வி ஸ்பென்சர் லூயிஸுக்கு ஒரு பத்திரம். கலைந்துபோன இல்லுமினாட்டியைத் திரும்ப உயிர்ப்பிக்கவும் இதே ரியூஸ் முயன்றிருக்கிறார். அசல் சபையே காகிதம் கொடுத்து வாங்கி வளர்ந்தது என்றால், பிடிஎஃப்-இல் இருக்கும் ஒரு முத்திரைக்கு என்ன மதிப்பு?

1947-இல் குரோலி ஹேஸ்டிங்ஸில் இறந்தார். அவருக்குப் பின் தலைமை ஏற்ற கார்ல் கெர்மர் நாஜி முகாமில் அடைபட்டு மீண்டவர். 1962-இல் அவர் போனதும் வாரிசுச் சண்டை தொடங்கியது. அமெரிக்காவில் கிரேடி மெக்மர்ட்ரி, பிரேசிலில் மார்செலோ மோட்டா, இங்கிலாந்தில் கென்னத் கிராண்ட் என்று ஆளுக்கொரு பக்கம். 1985-இல் கலிஃபோர்னியாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் மெக்மர்ட்ரி தரப்புக்குச் சாதகமாகத் தீர்த்தது. அங்கே வழக்கு, பெயரும் பதிப்புரிமையும் யாருடையது என்பதுதான். ஆன்மிகப் பரம்பரை யாருடையது என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. மோசடிக்காரர்கள் 'அமெரிக்க அரசு அங்கீகரித்தது', 'வரிவிலக்கு பெற்றது' என்று காட்டும் தாள்களும் அப்படித்தான். வரித்துறை கணக்கைப் பார்க்கும், கடவுளைப் பார்க்காது. ஒரு சபை நிஜமா என்று சாதாரண ஆள் கேட்டுத் தெரிந்துகொள்ள அரசாங்கத்தில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. இதை இத்தனை வருஷமாகச் சொல்லியும் ஒன்றும் மாறவில்லை.

இராமநாதன் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் அதில் ஒரு சிட்டிகை உண்மை கலந்திருக்கிறது. கோல்டன் டான் என்ற லண்டன் மந்திர சபையில் குரோலியின் குருவும் நண்பருமாக இருந்தவர் ஆலன் பென்னட். ஆஸ்துமாவுக்காக இலங்கைக்குப் போனார். கொழும்பில் அப்போது சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த பொன்னம்பலம் இராமநாதனின் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார், இராமநாதனிடம் யோகம் கற்றார். 1901-இல் குரோலியும் வந்து சேர, இருவரும் கண்டியில் தங்கி யோகம் பழகினார்கள். பென்னட் பிறகு பர்மாவில் புத்த பிக்குவானார். அந்த 1901-இல் ஓ.டி.ஓ. என்ற சபையே கிடையாது. இல்லாத சபையில் இராமநாதன் எப்படி உறுப்பினராவார்? சைவரான அவர் யோகம் சொல்லிக் கொடுத்தார், அவ்வளவுதான். நம் ஆட்களின் பெயரைச் சொன்னால் நாம் இளகுவோம் என்று தெரிந்துதான் இதைச் சொல்கிறார்கள்.

இனி அம்மாவின் பயம். இவர்கள் சாத்தானைக் கும்பிடுபவர்கள் அல்ல. 1904 ஏப்ரல் 8, 9, 10 ஆகிய மூன்று நாட்களில் கெய்ரோவில் ஐவாஸ் என்ற ஆவி தனக்கு ஒரு நூலைச் சொல்லி எழுத வைத்ததாகக் குரோலி சொன்னார். இந்தச் சபை பின்பற்றும் அந்த நூலின் மூன்று அத்தியாயங்களும் நுயித், ஹாதித், ரா-ஹூர்-குயித் என்ற எகிப்திய சாயல் தெய்வங்களின் வாக்கு. 'உன் சித்தம் எதுவோ அதைச் செய், அதுவே முழுச் சட்டம்' என்பது அதன் மையம். 'அன்பே சட்டம், சித்தத்துக்கு உட்பட்ட அன்பு' என்பது அதோடு சேர்ந்து வருவது. மனம் போன போக்கில் நட என்று இதற்குப் பொருள் சொல்பவர்கள் இரண்டாம் பாதியைப் படிக்காதவர்கள். ஒவ்வொரு ஆணுக்கும் பெண்ணுக்கும் தனக்கென ஒரு பாதை உண்டு, அதைக் கண்டுபிடித்து நடப்பதே வாழ்க்கை என்பதுதான் கொள்கை. குரோலி தன் அடையாளமாக வைத்துக்கொண்ட 666 என்ற பைபிள் மிருகத்தின் எண் எங்கிருந்து வந்தது என்றால், கண்டிப்பான கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்த குரோலியைத் தாயாரே பைபிளில் வரும் மிருகம் என்று திட்டினாராம். பிறகு கெய்ரோ அருங்காட்சியகத்தில் அவர் புனிதமாகக் கருதிய பழைய எகிப்திய மரப் பலகைக்கும் அதே எண் இருந்தது. மனிதருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. சாத்தான் பெயரில் உள்ள சபை வேறு, அது 1966-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆன்டன் லாவே தொடங்கியது.

அதற்காக எல்லாம் தெய்வீகம் என்றும் சொல்ல மாட்டேன். மேல் படிகளின் ரகசியம் பாலுறவைச் சடங்காக்குவதுதான், இதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை. சிசிலியில் குரோலி நடத்திய ஆசிரமத்தில் 1923-இல் ஓர் இளைஞர் நோய்வாய்ப்பட்டு இறந்தார், முசோலினி அரசு குரோலியை நாடு கடத்தியது. லாஸ் ஏஞ்சல்ஸ் லாட்ஜுக்குத் தலைவராக இருந்த ஜாக் பார்சன்ஸ், ராக்கெட் விஞ்ஞானி. அவரே 1946-இல் கூடவே மந்திரச் சடங்கு செய்த எல். ரான் ஹப்பர்டை (பின்னாளில் சயின்டாலஜி மதத்தைத் தொடங்கியவர்) நம்பிப் படகு வியாபாரத்தில் சேமிப்பையெல்லாம் கொட்டி ஏமாந்தார். அதனால் தம்பியை முட்டாள் என்று திட்டாதீர்கள்.

தீட்சை நேரில்தான் என்றேன். இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதை வைத்துத்தான் மோசடிக்காரர்கள் வாதாடுவார்கள். அமோர்க் என்ற ரோசிக்ரூசியன் சபை, மேலே சொன்ன லூயிஸ் 1915-இல் தொடங்கியது, சந்தா வாங்கிக்கொண்டு பாடங்களைத் தபாலில் அனுப்பிப் பெயர் பெற்றது. சந்தா, தபால், வீட்டிலிருந்தே படிப்பு எல்லாம் அங்கே நியாயமானது. லூயிஸிடம் ரியூஸ் கொடுத்த பத்திரமும் இருந்ததால், 'ஓ.டி.ஓ.வும் அமோர்க்கும் ஒன்றுதான், ஆகவே நாங்களும் தபாலில் தரலாம்' என்று வாதம் போகும். இரண்டும் ஒன்றல்ல. அமோர்க் தபாலில் அனுப்புவது பாடம். ஓ.டி.ஓ. படி என்பது கூடத்தில் நடக்கும் சடங்கு. அமோர்க்கிலும் சந்தா நேராக அலுவலகத்துக்குப் போகும், 'தம்பி, என் கணக்குக்குப் போடு' என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்து வரப்போகும் ஆட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இதே கும்பல்கள் இல்லுமினாட்டி உறுப்பினர் அட்டையும் விற்கும். அந்த அமைப்பு 1776-இல் பவேரியாவில் தொடங்கி, பத்து ஆண்டுக்குள் அரசு தடைசெய்து முடிந்துபோனது. 'போன பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று இன்னொருவர் வருவார், அவருக்கும் முன்பணம் வேண்டும். எனக்கு மிகவும் கோபம் வருவது மூன்றாமவர் மேல். நம் கடைகளில் விளம்பரம் ஒட்டும் ஜோதிடர், 'பிள்ளைக்குச் சாத்தான் கட்டு இருக்கிறது, எடுக்க 2,000 பவுண்ட்' என்பார். அம்மாவின் கண்ணீர் இவர்களுக்குத்தான் வருமானம். தீட்சையே நடக்கவில்லை, எடுக்க அங்கே எந்தக் கட்டும் இல்லை.

தம்பிக்கு இன்னமும் ஆர்வம் என்றால், ஓ.டி.ஓ.வுக்குப் பிரிட்டனில் தனி கிராண்ட் லாட்ஜ், அதாவது தலைமைக் கிளை, உண்டு. அவர்களின் ஞான பூசைக்கு வெளியாட்களையும் பல இடங்களில் அனுமதிக்கிறார்கள். ஒரு நண்பனோடு போய்ப் பார்க்கட்டும், 24 வயது ஆணைத் தடுக்க உங்களாலும் முடியாது. ஆனால் இப்போதே ஒன்று கேளுங்கள், சத்தம் போடாமல்: 'சடங்குக்கு' என்று உடை இல்லாத படம் ஏதாவது கேட்டார்களா, கொடுத்தானா? கொடுத்திருந்தால் மிரட்டல் வரும். பணம் கட்டக் கூடாது, செய்திகளை அழிக்கக் கூடாது, நேரே போலீஸ். பாஸ்போர்ட் நகல் போயிருந்தால் வங்கிக்கு அதையும் சொல்லிவிட்டு, சிஃபாஸ் என்ற அமைப்பில் சிறு கட்டணம் கட்டிப் பாதுகாப்புப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அவன் பெயரில் வேறு யாரும் கடன் எடுப்பது கடினமாகும்.