ரைஃபிளைக் கட்டுவதா, வாங்குவதா?

கேள்வி: மான் வேட்டைக்கு ஒரு ரைஃபிள் தேவை. ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றிச் சுடும் பொறி), பேரல் (குழல்), கட்டை (தோளில் தாங்கும் பகுதி) எல்லாம் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துக் கட்டினால்தான் குறி தப்பாது என்கிறார் நண்பர். நான் இடதுகைக்காரன். கட்டவா, கடையில் வாங்கவா?

பதில்: வாங்குங்கள். ரைஃபிள் கட்டிப் பிழைக்கிற நானே இப்படிச் சொல்வது என் தொழிலுக்கு நல்லதல்ல, பரவாயில்லை.

துல்லியத்தில் நண்பர் பழைய கணக்கைச் சொல்கிறார். இன்று தொழிற்சாலையிலிருந்து வரும் சுமாரான போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்கூட (ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் என்ற தண்டைக் கையால் இழுத்துத் தள்ளும் வகை), ஒத்துப்போகும் தோட்டா அமைந்துவிட்டால், 100 கஜத்தில் மூன்று குண்டுகளை ஓர் அங்குலத்துக்குள்ளோ அதை ஒட்டியோ போட்டுவிடும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியோ சுமார் 8 அங்குலம். கூடுதல் பணத்துக்குக் கிடைக்கும் அரை அங்குலம் இலக்கு அட்டையில் தெரியும், காட்டில் தெரியாது.

இடதுகை என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். வலப்பக்க போல்ட்டை ஒவ்வொரு முறையும் துப்பாக்கிக்கு மேலே கையை நீட்டி இழுத்துக்கொண்டிருந்தால் இரண்டாவது குண்டுக்குள் மான் போய்விடும். ஆனால் இடதுகை மாடல்களைச் சில நிறுவனங்கள் செய்கின்றன. 1906-இல் வந்த .30-06, 1952-இல் வந்த .308 வின்செஸ்டர் போன்ற பரவலான தோட்டாக்களுக்குத் தேடினால் கிடைக்கும். அபூர்வமான தோட்டாவில் ஆசை வைத்தால்தான் கட்டவேண்டி வரும்.

வாங்கும்போது குளிருக்குப் போடும் கோட்டோடு போங்கள். ரைஃபிள் காலி என்று பார்த்துக்கொண்டு, கண்ணை மூடித் தோளில் வைத்து, அப்புறம் திறங்கள். கழுத்தை அசைக்காமல் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) முழுவட்டமாகத் தெரிகிறதா? இல்லையென்றால் கட்டையின் நீளமோ கன்னம் படும் உயரமோ உங்களுக்குப் பொருந்தவில்லை. அதற்குக் கட்டையைத் திருத்தினால் போதும்.

இன்னொன்று. ஒரு தாளைப் பேரலுக்கும் முன்கட்டைக்கும் (பேரலுக்குக் கீழே நீளும் கட்டைப் பகுதி) நடுவே விட்டு ஆக்‌ஷனை நோக்கி இழுங்கள். சிக்கினால் அங்கே கட்டை பேரலைத் தொடுகிறது. சில மாடல்களில் முன்கட்டையின் நுனிக்கு அருகே வேண்டுமென்றே தொடவிடுவார்கள், அது வேறு. மற்றபடி மரக்கட்டை மழையில் உப்பிப் பேரலைத் தள்ளும், காலையில் சரியாக இருந்த குறி மாலையில் விலகும். பேரல் கிடக்கும் கட்டையின் பள்ளத்தை அகலப்படுத்தி, ஆக்‌ஷன் உட்காரும் இடத்தில் எபாக்சி (இறுகிக் கெட்டியாகும் பசை) வார்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். "புதிதாகக் கட்டித் தாருங்கள்" என்று வருகிறவர்களில் பலரை இந்த வேலையோடு அனுப்பிவிடுகிறேன்.

அப்படியும் கட்டியே தீருவேன் என்றால், வால்நட் கட்டையின் ரேகை அழகுக்காக என்று ஒத்துக்கொண்டு கட்டுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் பேரல் பொருத்துவதை லேத் வைத்திருக்கும் யாரிடமும் விடாதீர்கள். தோட்டா அமரும் இடைவெளியை, அதாவது ஹெட்ஸ்பேஸை, இரண்டு அளவுக்கட்டைகளால் சோதிக்க வேண்டும்: ஒன்றில் போல்ட் மூடவேண்டும், மற்றதில் மூடக்கூடாது. இடைவெளி கூடிப்போனால் சுட்ட பித்தளைக் கூட்டின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரியும். அடுத்து அந்த இடத்தில்தான் கூடு பிளந்து, சூடான வாயு முகத்துப் பக்கம் பாயும்.

உங்கள் கைக்கு அளவெடுத்துக் கட்டியதை நாளைக்கு விற்கப்போனால் போட்ட பணம் திரும்புவது கஷ்டம். லைசென்ஸில் எந்தத் தோட்டா அளவு எழுதியிருக்கிறது என்பதையும் பேரலுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.