எட்டு ஊர் வேண்டாம், மூன்று போதும்

கேள்வி: நானும் என் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். அடுத்த மே மாதம் இத்தாலி போக ஆசை. நினைவுச் சின்னங்களைவிட, அந்த மக்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்கத்தான் எங்களுக்கு விருப்பம். ஒரு டூர் கம்பெனியில் பத்து நாளில் எட்டு ஊர், தினமும் இரவு இந்தியச் சாப்பாடு என்கிறார்கள். மகளோ, நீங்களே போய் வாருங்கள் என்கிறாள். நான் முட்டைகூடத் தொடாத சைவம். கணவர் மீன், கறி எல்லாம் சாப்பிடுவார். பாஷை தெரியாது. தனியாகப் போனால் நான் பட்டினி கிடக்க வேண்டியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் சொல்வதைக் கேளுங்கள். பத்து நாளில் எட்டு ஊர் என்றால் பகலில் பாதி பஸ்ஸில் போய்விடும். அதைவிடப் பெரிய இழப்பு சாயங்காலம். வெயில் தாழ்ந்ததும்தான் இத்தாலியர்கள் குடும்பத்தோடு தெருவுக்கு வருவார்கள். எட்டு மணி வாக்கில்தான் சாப்பிட உட்காருவார்கள். நீங்கள் பார்க்க விரும்புவது அந்த நேரத்தைத்தான். அந்த நேரத்தில் உங்களை ஓர் இந்திய ஓட்டலில் உட்கார வைத்துவிட்டால் அவ்வளவு தூரம் போனதற்குப் பலன் இல்லை.

பட்டினி பயத்துக்கு வருகிறேன். எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் தடவை போகிறவர்கள் வெனிஸ், மிலான், ஃபிளாரன்ஸ் என்று வடக்கே பார்ப்பார்கள். நீங்கள் தெற்கே போங்கள். வடக்கில், குறிப்பாக பொலோன்யா வட்டாரத்தில், பாஸ்தா மாவை முட்டை விட்டுத்தான் பிசைவார்கள். வெண்ணெயும் பன்றி இறைச்சியும் அங்கே சமையலின் அடித்தளம். உங்கள் கணவருக்கு அது சொர்க்கம், உங்களுக்குச் சிரமம். தெற்கில் பாஸ்தா என்றால் பெரும்பாலும் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும்தான். எண்ணெய், ஆலிவ் எண்ணெய். கறி வாங்க வசதியில்லாத குடியானவர்களின் சமையலாக வளர்ந்ததால் பயறு, கீரை, கத்தரிக்காய், தக்காளி என்றே அது தழைத்தது. உங்களுக்காகத் தனியாக எதையும் சமைக்கச் சொல்ல வேண்டியதில்லை, மெனுவிலேயே இருக்கும்.

என் யோசனை: ரோமில் 3 இரவு, நேப்பிள்ஸில் 3, தென்கிழக்குக் கடலோர ஊரான பாரியில் 4. ரோமில் இறங்கி பாரியிலிருந்து திரும்பும்படி விமான டிக்கெட் எடுங்கள். வந்த வழியே திரும்பும் அலைச்சல் மிச்சம்.

ரோமைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் சொல்கிறார்கள். சாப்பாட்டுக்கு மட்டும் இரண்டு குறிப்பு. காச்சோ எ பெப்பே என்பது செம்மறிப் பால் சீஸும் மிளகும் மட்டும் போட்ட பாஸ்தா. அதை முட்டை சேர்த்த தொன்னரெல்லி என்ற பாஸ்தாவில் செய்வது உண்டு என்பதால் ஸ்பகெட்டியில் கேளுங்கள். பழைய யூதர் குடியிருப்புப் பகுதியில் கூனைப்பூவை, அதாவது ஆர்டிசோக்கை, முழுதாகப் பூப்போல விரித்து எண்ணெயில் பொரித்துத் தருவார்கள். அதற்கு சீசன் உண்டு. மே தொடக்கம் அதன் கடைசிக் கட்டம், கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

சீஸ் விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பார்மிஜானோ சீஸுக்குப் பாலை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட். காச்சோ எ பெப்பேயில் போடும் பெக்கோரினோவுக்கு ஆட்டுக்குட்டியினுடையது. அங்குள்ள சைவர்களில் பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் ‘சென்ட்ஸா ஃபொர்மாஜ்ஜோ’, சீஸ் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். நேப்பிள்ஸில் அதற்குப் பழைய தீர்வே உண்டு: மரினாரா பீட்சா. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். விறகு அடுப்பில் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்து, ஓரம் உப்பி, அங்கங்கே கருகிய புள்ளிகளோடு வரும். நடுப்பாகம் நெகிழ்ந்துதான் இருக்கும், சரியாக வேகவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நேப்பிள்ஸ் பீட்சாக்காரர்களின் கைத்திறனை யுனெஸ்கோ 2017-ல் மனிதகுலத்தின் தொட்டறிய இயலாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

நேப்பிள்ஸ் இரைச்சலும் நெரிசலுமான ஊர். நம்மவர்களுக்கு அது பழகிய சத்தம்தான், ஒரே நாளில் ஒட்டிக்கொள்வீர்கள். கைப்பையை மட்டும் முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளை பொம்பெய்க்கும் ஒரு நாளை நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கும் ஒதுக்குங்கள் (செவ்வாய்க்கிழமை அதற்கு விடுமுறை). பொம்பெய், பொ.ஆ. 79-ல் எரிமலை மூடிய ஊர் என்று படித்திருப்பீர்கள். ஆனால் தெருவோரச் சாப்பாட்டுக் கடையின் கல் மேடையையும் அதில் பதித்த பானைகளையும் நேரில் பார்க்கும்போதுதான் மனிதர்கள் நின்று சாப்பிட்ட இடம் அது என்பது உறைக்கும். அருங்காட்சியகத்தில் அந்த ஊரிலிருந்து கிடைத்த ரொட்டி, கரிக்கட்டையாகி, வெட்டுக் கோடுகளோடு அப்படியே இருக்கிறது. பொம்பெய் வீடு ஒன்றில் 1938-ல் கிடைத்த, இந்தியாவில் செய்த தந்தச் சிலையும் அங்கேதான் இருக்கிறது. லட்சுமி என்று சொல்வார்கள், யட்சி என்று கருதுவோரும் உண்டு. விசாரித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இந்தப் பயணமே எனக்கு பாரிக்காகத்தான். அங்கே பழைய ஊருக்குள் ஆர்கோ பாஸ்ஸோ என்ற குறுகிய தெரு இருக்கிறது. காலையில் பெண்கள் வீட்டு வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து ஒரெக்கியெத்தே பாஸ்தா செய்வார்கள். பிசைந்த ரவை மாவைக் கயிறாக உருட்டி, சுண்டு விரல் நகம் அளவுக்கு வெட்டி, மழுங்கிய கத்தி முனையால் ஒவ்வொன்றையும் தன் பக்கமாக இழுப்பார்கள். மாவு சுருண்டு வரும். அதைக் கட்டைவிரலில் மாட்டி உட்புறத்தை வெளியே திருப்பிவிட்டால் குழிவான சின்னக் காது. கண் தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும், வாய் எதிர்வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருக்கும், கை நிற்காது. செய்ததை வலை அடித்த மரச்சட்டங்களில் பரப்பி வாசலிலேயே காய வைப்பார்கள். நின்று பாருங்கள், படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள், அரைக் கிலோவாவது வாங்குங்கள். பாரியில் ஓட்டல் அறைக்குப் பதில் சமையலறை உள்ள வீடு எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். சந்தையில் தக்காளியும் கீரையும் வாங்கி நீங்களே சமைத்த அந்த ஒருவேளைச் சாப்பாட்டில் கற்றுக்கொள்வதை எந்த வழிகாட்டியும் சொல்லித்தர முடியாது.

வெளியே சாப்பிட்டால் ஃபாவே எ சிகோரியா கேளுங்கள். தோல் நீக்கிய காய்ந்த ஃபாவா அவரையைக் குழைய வேக வைத்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, வேகவைத்த கசப்புக் கீரையோடு தருவார்கள். நம் பருப்புக் கடைசலுக்குப் பக்கத்தில் கீரையை வைத்தது போல இருக்கும். உங்களுக்கு முதல் வாயிலேயே பிடித்துப்போகும். ஆனால் ஒரெக்கியெத்தேயைக் கீரையோடு சமைக்கும்போது நெத்திலி மீனைக் கரைத்துவிடுவது உண்டு, கண்ணுக்குத் தெரியாது. ‘வெஜிடேரியானா’ என்று மட்டும் சொன்னால் போதாது. ‘சென்ட்ஸா கார்னே, சென்ட்ஸா பேஷே, சென்ட்ஸா உவோவா’ (கறி, மீன், முட்டை வேண்டாம்), ‘சென்ட்ஸா அச்சூகே’ (நெத்திலி வேண்டாம்), ‘சென்ட்ஸா ப்ரோதோ’ (கறி வேகவைத்த தண்ணீர் வேண்டாம்). இதை மகளிடம் சொல்லி இத்தாலிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாஷைப் பிரச்சினை பாதி அதோடு தீர்ந்தது. கணவருக்குக் கடலோர ஊரில் ஒரு குறையும் இராது.

காலை பலகாரம்தான் உங்களுக்குக் கொஞ்சம் இடிக்கும். காபி பாரில் நின்றபடி காப்புச்சினோவும் கொர்நெத்தோ என்ற பிறை வடிவ இனிப்பு ரொட்டியும் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். கொர்நெத்தோவில் முட்டை இருக்கும். காபியை அங்கே குடித்துவிட்டு, தக்காளி பதித்த ஃபொக்காச்சா ரொட்டியை பேக்கரியில் சூடாக வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டல் பில்லில் கொபெர்த்தோ என்று தலைக்குச் சில யூரோ இருந்தால் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். ரொட்டிக்கும் மேசைக்குமான வழக்கமான கட்டணம் அது. தெற்கில் மதியம் ஒரு மணிக்குமேல் பல கடைகளை அடைத்து, ஐந்து மணி வாக்கில்தான் திறப்பார்கள். நீங்களும் அந்த நேரம் ஓய்வெடுங்கள், வயதுக்கும் நல்லது. பொடி கொண்டு போகலாம்; நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அனுமதிப்பதில்லை.

ரோமிலிருந்து நேப்பிள்ஸ் அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நேப்பிள்ஸிலிருந்து பாரிக்குப் பெரும்பாலும் கசெர்த்தாவில் வண்டி மாற வேண்டும். சாதாரண ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அபராதம். இத்தாலிக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

தேதியை மட்டும் நான் சொல்கிறபடி வையுங்கள். பாரியின் காவல் புனிதர் நிக்கோலஸின் எச்சங்கள் 1087 மே 9-ல் கடல் வழியே அந்த ஊருக்கு வந்தன. அதை இன்றும் மே 7 முதல் 9 வரை ஊரே திரண்டு கொண்டாடுகிறது. புனிதரின் சிலையைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டு போவார்கள். ஏப்ரல் 30-ல் ரோமில் இறங்கினால் மே 6-ல் பாரியில் இருப்பீர்கள். மே 1 விடுமுறை, வாட்டிகன் அருங்காட்சியகம் அன்று மூடியிருக்கும். அதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். திருவிழாச் சமயத்தில் பாரியில் இடம் கிடைப்பது கடினம். அதனால் விமான டிக்கெட்டுக்கும் முன்பாக, ரத்து செய்யும் வசதியோடு, பாரி வீட்டை முதலில் பிடித்துப் போடுங்கள்.