வாசகர் கேள்விகள்: தஞ்சையில் இறங்கிய வெலிங்டன்கள்

கேள்வி: இரண்டாம் உலகப் போரின்போது தஞ்சாவூர் ஏரோட்ராமில் பிரிட்டிஷ் விமானப்படையின் 'விங்' ஒன்று இருந்ததாமே, உண்மையா? இங்கே அவர்களுக்கு என்ன வேலை? (ஒரத்தநாடு வாசகர்)

பதில்: படை இருந்தது உண்மைதான். ஆனால் அது விங் அல்ல, அதைவிடச் சிறிய படைப்பிரிவான ஸ்குவாட்ரன்; எண் 36. இந்தப் பிரிவு சிங்கப்பூரில் வில்டபீஸ்ட் என்ற பழைய இரட்டைத்தட்டு இறக்கை டார்பிடோ விமானங்களை வைத்திருந்தது. 1942 ஜனவரி 26-இல் மலாயாவின் எண்டாவ் அருகே ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கப் பட்டப்பகலில் போய்ப் பலத்த அடி வாங்கியது. மிச்சம் மீதி ஜாவாவுக்குப் போனது. அங்கிருந்து தப்பப் பார்த்த கடைசி இரண்டும் மார்ச்சில் சுமத்ராவில் விழுந்தன. அக்டோபர் 22-இல் அதே எண்ணோடு தஞ்சாவூரில் புதிதாகத் திரட்டினார்கள். இந்த முறை கையில் வெலிங்டன் குண்டுவீச்சு விமானங்கள்.

வேலை, வங்கக் கடலில் ரோந்தும் கப்பல் காவலும். அந்த ஏப்ரலில்தான் கொழும்பும் திருகோணமலையும் ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு ஆளாகியிருந்தன. தஞ்சையிலிருந்து நாகப்பட்டினக் கரை சுமார் 80 கி.மீ.; வெலிங்டனுக்கு இருபது நிமிடம்கூட ஆகாது. முழுச் சுமையோடு கிட்டத்தட்ட 13 டன் எடை. கீழ்த்தஞ்சையின் களிமண்ணில் இறக்கியிருந்தால் ஐப்பசி மழையில் சக்கரம் புதைந்தே போயிருக்கும். புதுக்கோட்டை சாலைப் பக்கத்து மேட்டு நிலம் அதற்குத் தோது.

அந்த விமானத்தின் உடல், குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய டியூராலுமின் (அலுமினியக் கலப்பு உலோகம்) சட்டம். மேலே துணி போர்த்தி, டோப் என்னும் பூச்சு அடித்திருப்பார்கள். குண்டு துளைத்தால் ஒட்டுத்துணி வைத்து மறுபடி பூசினால் போதும். நம் வெயில்தான் வில்லன்: பூச்சு வெடிக்கும், ஈரம் இறங்கும், துணி தொய்யும். சூட்டில் காற்று மெலிவதால் மேலெழும்பக் கூடுதல் ஓட்டமும் தேவை. 1943 ஜூனில் பிரிவு அல்ஜீரியாவின் பிளிடாவுக்கு மாறியது.

கேள்வி: அப்படியானால் 'விங்' என்ற பேச்சு எப்படி வந்தது? (மன்னார்குடி வாசகர்)

பதில்: பதவிப் பெயரால் வந்த குழப்பமாக இருக்கலாம். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் குண்டுவீச்சு ஸ்குவாட்ரனுக்குத் தலைவர் பொதுவாக விங் கமாண்டர். 'ஸ்குவாட்ரன் லீடர்' அதற்கு ஒரு படி கீழே! பல ஸ்குவாட்ரன்கள் சேர்ந்தால்தான் விங். நம் விமானப்படையில் விங் என்றால் பெரும்பாலும் ஒரு தளமும் அதன் பராமரிப்பு, நிர்வாகப் பிரிவுகளும் சேர்ந்தது.

கேள்வி: இப்போதுள்ள சுகோய்கள் அந்தப் பிரிவின் வாரிசா? (பாபநாசம் வாசகர்)

பதில்: இல்லை. இது இந்திய விமானப்படையின் 222-ஆம் ஸ்குவாட்ரன், 'டைகர்ஷார்க்ஸ்'. 2020 ஜனவரி 20 முதல் சுகோய்-30 எம்கேஐ போர் விமானங்களோடு தஞ்சையில் இருக்கிறது. கடல்பக்கக் காவல் என்ற வேலை மட்டும் பொது.