சிகரெட் வரியில் நடக்கும் கச்சேரி: கவுண்டி வரி பற்றிய உங்கள் கேள்விகள்

அமெரிக்க உள்ளூர் வரிகளைப் பற்றி எழுத ஆரம்பித்ததிலிருந்து சிகரெட் வரி பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள், அதுவும் "நான் புகைப்பதில்லை, சும்மா தெரிந்துகொள்ள" என்ற முன்னுரையோடு. நம்பிவிட்டேன். பதில்களுக்குப் போவோம்.

கிளீவ்லாந்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. இங்கே ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் நாடகத்துக்கும் சிகரெட் வரியிலிருந்து பணம் போகிறது என்கிறார் நண்பர். கிண்டல் செய்கிறாரா?

இல்லை, உண்மையைத்தான் சொல்கிறார். தியாகராஜ ஆராதனையால் நமக்குத் தெரிந்த அதே கிளீவ்லாந்து, ஒஹையோ மாநிலத்தின் கயஹோகா கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கிறது. அந்தக் கவுண்டி மக்கள் 2006 நவம்பரில் ஓட்டுப் போட்டு, ஒரு சிகரெட்டுக்கு ஒன்றரை சென்ட், அதாவது இருபது சிகரெட் உள்ள பாக்கெட்டுக்கு 30 சென்ட் வரிக்குச் சம்மதித்தார்கள். அந்தப் பணம் கவுண்டியின் பொதுக் கஜானாவில் கலப்பதில்லை. கயஹோகா ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் என்ற தனிப் பொது அமைப்புக்குப் போய், அங்கிருந்து கிளீவ்லாந்து ஆர்க்கெஸ்ட்ரா மாதிரிப் பெரிய இடங்களுக்கும், காரமு ஹவுஸ் நாடக அரங்குக்கும், பேட்டையில் நடக்கும் சின்னச் சின்ன விழாக்களுக்கும் மானியமாகப் பிரிகிறது. ஆர்ட் மியூசியத்துக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் அங்கே நுழைவு இலவசமாக இருப்பதற்கு இந்த வரி காரணமில்லை. இது வருவதற்கு முன்பே இலவசம்தான்.

ஸ்டேடியத்துக்குப் போகிற சிகரெட் வரி என்று ஒன்று சொல்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

வேறு வேறு. அது 1990-ல் வந்த "பாவ வரி": சிகரெட் பாக்கெட்டுக்கு நாலரை சென்ட், அதோடு பீர், மதுவுக்கும் வரி. பேஸ்பால் மைதானமும் கூடைப்பந்து அரங்கும் அதை வைத்துத்தான் எழுந்தன, இரண்டும் 1994-ல் திறந்தன. பிறகு பிரவுன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஸ்டேடியத்துக்காக நீட்டினார்கள், 2014-ல் இன்னும் இருபது வருடத்துக்கு நீட்டினார்கள். தற்காலிகம் என்று வரும் வரி லேசில் வீட்டைவிட்டுப் போகாது.

கடைக்காரர் ஒழுங்காகக் கட்டுகிறார் என்று எப்படித் தெரியும்?

அவர் கையில் எதுவும் இல்லை. பாக்கெட்டைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், பிளாஸ்டிக் தாள்மேல் சின்னதாக ஒரு ஸ்டாம்ப் ஒட்டியிருக்கும். மொத்த வியாபாரி வரியைக் கட்டி ஸ்டாம்ப் வாங்கி ஒட்டிய பிறகுதான் சரக்கு கடைக்கே வருகிறது. ஸ்டாம்ப் இல்லாத பாக்கெட் கடைக்கு வெளியே வண்டி டிக்கியில் விற்பது, அதை வாங்காதீர்கள்.

எல்லோரும் சிகரெட்டை விட்டுவிட்டால் இந்த வரியை நம்பும் கலை நிறுவனங்களின் கதி?

இந்த வாரத்தின் நல்ல கேள்வி இதுதான், ஏனென்றால் அது நடந்துகொண்டே இருக்கிறது. ஆரம்ப வருடங்களோடு ஒப்பிட்டால் கயஹோகாவின் கலை வரி வருமானம் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. விலை ஏறினால் வரியும் ஏறும் சதவீதக் கணக்கு இல்லை இது, ஒரு சிகரெட்டுக்கு இவ்வளவு என்று சென்ட் கணக்கு. அதனால் புகைப்பவர் எண்ணிக்கை குறைந்தால் அப்படியே வருமானமும் குறைகிறது, போதாக்குறைக்கு விலைவாசி வேறு மிச்சத்தைத் தின்கிறது. சரி, என்ன செய்தார்கள்? 2024 நவம்பரில் மறுபடி மக்களிடம் போய் 30 சென்டை 70 ஆக்கினார்கள். கொஞ்ச வருடம் மூச்சு விடலாம், அப்புறம் அதே சரிவு. கலிஃபோர்னியாவிலும் இதே கதைதான்: 1998-ல் ஓட்டெடுப்பில் வந்த 50 சென்ட் வரியில் 80 சதவீதம், குழந்தைப் பிறப்பு எண்ணிக்கைப்படி கவுண்டிகளுக்குப் பிரிந்து, ஐந்து வயது வரையிலான குழந்தைகளின் திட்டங்களுக்குப் போகிறது. குழந்தைகள் நலத்தைச் சிகரெட்டை நம்பி நடத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. ஒருமுறைச் செலவுக்கு இந்த வரி சரி, மாதாமாதம் சம்பளம் கொடுக்க இதை நம்பக் கூடாது.

ஏழைகள் காசில் பணக்காரர்கள் சிம்ஃபனி கேட்பது நியாயமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தினம் ஒரு பாக்கெட் பிடிப்பவர் 70 சென்ட் வீதம் கலை வரியாக மட்டும் வருடத்துக்கு 255 டாலர் கொடுக்கிறார். பக்கத்து வீட்டில் சிகரெட்டைத் தொடாமல் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் இந்த வரியில் ஒரு சென்ட்கூடக் கொடுப்பதில்லை. அமெரிக்காவில் புகைப்பழக்கம் குறைந்த வருமானக்காரர்களிடம்தான் அதிகம், எனவே உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சின்ன அமைப்புகளுக்கும், ஏழைப் பேட்டைகளில் நடக்கும் வகுப்புகளுக்கும் பணம் போகிறது என்பார்கள். போகிறது, ஆனால் பெரிய தொகைகள் பெரிய இடத்துக்குத்தான்.

சிகாகோவில் ஏன் இவ்வளவு விலை? இண்டியானா போய் வாங்கலாமா?

ஒரு பாக்கெட்டுக்கு மத்திய அரசு 1.01 டாலர், இல்லினாய் மாநிலம் 2.98, சிகாகோ இருக்கும் குக் கவுண்டி 3.00, சிகாகோ நகரம் 1.18. ஆக, சிகரெட் வாங்குவதற்கு முன்பே வரி 8.17. எல்லை தாண்டி இண்டியானாவின் ஹாமண்ட் ஊருக்குப் போனால் ஒரு காலத்தில் மாநில வரி ஒரு டாலருக்கும் கீழே, அதனால் சனிக்கிழமை ஆனால் அங்கே இல்லினாய் நம்பர் பிளேட்டாக நிற்கும். 2025 ஜூலையில் இண்டியானா ஒரேயடியாக இரண்டு டாலர் ஏற்றிவிட்டது. இன்னும் லாபம் இருக்கிறது, ஆனால் பெட்ரோலையும் கணக்கில் சேருங்கள்.

வேப்புக்கும் (மின் சிகரெட்) இந்த வரி உண்டா?

கயஹோகாவின் கலை வரி சிகரெட்டுக்கு மட்டும். பழக்கம் மாறினாலும் வரி இன்னும் மாறவில்லை.

வர்ஜீனியாவில் இருக்கிறேன். எங்கள் கவுண்டியும் போடலாமா?

2021 ஜூலையிலிருந்து போடலாம், பாக்கெட்டுக்கு 40 சென்ட் வரை. அதற்கு முன் ஃபேர்ஃபாக்ஸுக்கும் ஆர்லிங்டனுக்கும் மட்டும்தான் அந்த அதிகாரம். பணம் எங்கே போகிறது என்று கவுண்டி பட்ஜெட்டில் தேடிப் பாருங்கள். தனித் திட்டத்துக்கு என்று ஒதுக்கவில்லை என்றால் பொது நிதியில் கலந்திருக்கும், அப்புறம் எந்தச் சென்ட் எந்தச் சாலைக்குப் போனது என்று யாராலும் சொல்ல முடியாது.