ஜார்ஜ்டவுனுக்காக வீட்டின் மேல் கடன் வாங்காதீர்கள்

நியூஜெர்சி எடிசனில் இருக்கும் ஒரு குடும்பம். அப்பா, அம்மா இருவருக்கும் ஐடி வேலை. இன்னும் எச்-1பி வேலை விசாதான், கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கிறார்கள். மகள் அங்கேயே பிறந்த அமெரிக்கக் குடிமகள், பதினொன்றாம் வகுப்பு. அவளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாமாம். அமெரிக்க அரசியலும் பாதுகாப்புக் கொள்கையும்தான் படிப்பேன் என்கிறாள். "சொந்தக்காரங்ககிட்ட என்ன சொல்றதுன்னே தெரியல சார்" என்று அம்மா எழுதியிருந்தார். டல்லாஸ் சித்தப்பா முதலில் சிரித்திருக்கிறார். அப்புறம், "அரசியல்தான்னா வாஷிங்டன் ஜார்ஜ்டவுன் யுனிவர்சிட்டில சேருங்க, முடிச்சதும் லா ஸ்கூல், அதுலதான் கௌரவம்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். அப்பா இப்போது வீட்டின் மேல் இன்னொரு கடன் வாங்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

உங்கள் கவலை நியாயமானது அம்மா. ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டியது மகளின் ஆசையைப் பற்றி அல்ல, அந்தக் கடனைப் பற்றி.

ஜார்ஜ்டவுனில் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 90,000 டாலருக்கு மேல். நான்கு வருடத்தில் மூன்றரை லட்சம் டாலரைத் தாண்டும். இரண்டு ஐடி சம்பளம் வரும் வீட்டுக்கு உதவித்தொகை பெரிதாக வராது. மகள் பெயரில் மத்திய அரசு தரும் கடன் முதல் வருடம் வழக்கமாக 5,500 டாலர், பெற்றோரால் பிளஸ் கடன் வாங்க முடியாத நிலையில் அதிகபட்சம் 9,500, அவ்வளவுதான். பெற்றோருக்கு மத்திய அரசு தரும் அந்தப் பேரன்ட் பிளஸ் கடன் எச்-1பி-யில் இருப்பவர்களுக்குக் கிடையாது. ஆக மீதி முழுவதும் வீட்டின் மேல்தான் விழும். எச்-1பி-யில் வேலை போனால் அடுத்த வேலை தேட 60 நாள் அவகாசம். அந்த நிலையில் இருப்பவர் வீட்டை வைத்து இவ்வளவு பெரிய கடன் வாங்கக் கூடாது. சித்தப்பா வந்து தவணை கட்டப் போவதில்லை. சட்டப் படிப்பு வேறு இருக்கிறது: மேற்படிப்புக்கு மத்திய அரசு தந்த கிராட் பிளஸ் கடன், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு இல்லை.

அடுத்து, பெண்ணின் நாட்டம். அம்மா அனுப்பியிருந்த ஒரு எக்செல் தாளைப் பார்த்தேன். 2024-இல் நடந்த இரண்டு அதிபர் விவாதங்களிலும் வேட்பாளர்கள் சொன்ன எண்களை எடுத்து ஒவ்வொன்றையும் சரிபார்த்து வைத்திருக்கிறாள். ஆப்கானிஸ்தானில் 85 பில்லியன் டாலர் ஆயுதங்களை விட்டுவிட்டு வந்தோம் என்று செப்டம்பரில் டிரம்ப் சொன்னார். அது இருபது ஆண்டுகளில் ஆப்கன் படைகளுக்காக ஒதுக்கிய மொத்தத் தொகைக்கு நெருங்கிய எண், அதில் சம்பளமும் பயிற்சியும் அடக்கம். அங்கே மிஞ்சிய தளவாடங்களுக்குப் பென்டகன் போட்ட மதிப்பு சுமார் 7 பில்லியன் என்று எழுதியிருக்கிறாள். பைடனையும் விடவில்லை. தன் காலத்தில் எந்தப் படைவீரரும் சாகவில்லை என்ற பொருளில் அவர் ஜூனில் சொன்னதற்கு எதிரே, காபூல் விமான நிலையத்தில் 2021 ஆகஸ்டில் 13 பேர், ஜோர்டானில் 2024 ஜனவரியில் 3 பேர் என்று குறித்திருக்கிறாள். பதினாறு வயதில் இரண்டு கட்சிக்கும் ஒரே பேனாவைப் பிடிக்கும் பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. இவளைப் பிடித்துக் கோடிங் வகுப்பில் உட்கார வைப்பது வீண். நீதிமன்றத்தில் ஒரு பக்கத்துக்காக வாதாட அனுப்புவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

தூதரகப் பணி, எஃப்பிஐ, சிந்தனைக் குழாம், செனட்டர் அலுவலகம் எல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். நம்மவர்கள் வீட்டில் பேரே எடுக்காத இடம் ஒன்று இருக்கிறது: ஜிஏஓ. அமெரிக்க அரசின் பொறுப்புடைமை அலுவலகம். அரசுச் செலவைத் தணிக்கை செய்யும் நம் ஊர் சிஏஜி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இது நாடாளுமன்றத்தின், அதாவது காங்கிரசின் அமைப்பு. 1921-இல் சட்டம் போட்டுத் தொடங்கியது. தலைவரின் பதவிக்காலம் 15 ஆண்டு, அதிபர் மாறினாலும் அவர் மாறமாட்டார்.

அங்கே என்ன வேலை? காங்கிரஸ் குழு ஒன்று கேள்வி அனுப்பும். எஃப்-35 போர் விமானங்களைப் பராமரிக்க ஏன் இவ்வளவு செலவாகிறது, மாதிரி. ஒரு சிறு குழு உட்கார்ந்து பென்டகன் ஆவணங்களைப் படிக்கும், தளங்களுக்குப் போகும், அதிகாரிகளைப் பேட்டி காணும். 2018-இல் 1.1 டிரில்லியன் டாலராக இருந்த அந்த விமானங்களின் ஆயுட்கால பராமரிப்பு மதிப்பீடு 2023-இல் 1.58 டிரில்லியன் ஆகிவிட்டது என்று ஊடகங்களில் வந்ததே, அது இவர்கள் அறிக்கையிலிருந்து வந்ததுதான். அறிக்கை வெளியாகும் முன், குழுவில் இல்லாத இன்னொரு ஆய்வாளர் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு எண்ணையும் மூல ஆவணத்தோடு ஒப்பிட்டு டிக் போடுவார். ஆதாரம் இல்லாத வரி போய்விடும். வரைவைச் சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பி, அவர்கள் மறுத்து எழுதினால் அந்தக் கடிதத்தையும் பின்னிணைப்பில் அச்சிடுவார்கள். உங்கள் மகள் எக்செல் தாளில் விளையாட்டாகச் செய்வதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறார்கள்.

எல்லாம் வெறும் காகிதம்தானே என்று அப்பா கேட்கலாம். உக்ரைனுக்கான பாதுகாப்பு உதவியில் 214 மில்லியன் டாலரை 2019-இல் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் நிறுத்தி வைத்தது. அது, காங்கிரஸ் ஒதுக்கிய பணத்தை அதிபர் தன் விருப்பப்படி நிறுத்தக் கூடாது என்னும் 1974-ஆம் ஆண்டு நிதி நிறுத்தக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை மீறிய செயல் என்று 2020 ஜனவரி 16 அன்று ஜிஏஓ முடிவு சொன்னது. டிரம்ப் மீதான முதல் பதவிநீக்க விசாரணை செனட்டில் தொடங்கியதும் அதே நாள்தான். அடுத்து 2021-இல் எல்லைச் சுவர் நிதியைப் பைடன் நிறுத்தினார். அதுவும் மீறல்தானே என்று குடியரசுக் கட்சியினர் கேட்டார்கள். இல்லை, இது நடைமுறைத் தாமதம் என்று பதில் வந்தது. 2025 மே மாதம், மின்வாகன சார்ஜிங் நிலையங்களுக்கான நிதியை டிரம்ப் அரசு நிறுத்தியது மீறல் என்று மறுபடி ஒரு முடிவு. யாருக்காவது கோபம் வந்துகொண்டேதான் இருக்கும். மாமா வீட்டு விருந்தில் இவள் இரண்டு கட்சியையும் திட்டுகிறாள் என்று குறைப்பட்டிருக்கிறீர்களே, அங்கே அந்தக் குணம்தான் வேண்டும்.

ஆய்வாளராகச் சேருவோருக்கு முதல் இரண்டு ஆண்டு பயிற்சித் திட்டம், வெவ்வேறு குழுக்களில் வேலை பழகலாம். தலைமையகம் வாஷிங்டனில். பாஸ்டன், டல்லாஸ், சியாட்டில் என்று கிளைகளும் உண்டு. ராணுவ விமானத் தளத்துக்குப் பக்கத்தில் டேட்டனிலும், ராக்கெட் ஊரான ஹன்ட்ஸ்வில்லிலும் இருக்கின்றன. கல்லூரி மாணவர்களுக்குச் சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் உண்டு. தொடக்கச் சம்பளம் மென்பொருள் நிறுவனம் தருவதைவிடக் குறைவுதான், அதை மறைக்க மாட்டேன்.

படிப்புக்கு நியூஜெர்சியின் அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ் போதும். பக்கத்து ஊர். மாநிலத்தவருக்குப் படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 18,000 டாலருக்கு மேல். அங்கே பிளவுஸ்டீன் பள்ளியில் பொதுக்கொள்கை இளங்கலை இருக்கிறது, ஈகிள்டன் அரசியல் நிறுவனமும் இருக்கிறது. கூடவே புள்ளியியலும் பொருளாதாரமும் கட்டாயம் எடுக்கட்டும். கணக்கியலில் ஒரு பாடமாவது படிக்கட்டும். பொலிட்டிக்கல் சயின்ஸ் மட்டும் படித்தால் சித்தப்பா சிரித்ததில் கொஞ்சம் நியாயம் வந்துவிடும். முதுகலை பொதுக்கொள்கை பிறகு தேவைப்படலாம்; இப்போது மிச்சமாகும் பணத்தை அதற்கென்று தொடாமல் வையுங்கள்.

ஆபத்தும் இருக்கிறது. 2025-இல் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் மூடப்பட்டது, இளம் பட்டதாரிகளை எடுத்துக்கொண்டிருந்த அதிபர் மேலாண்மை ஃபெலோ திட்டம் நிறுத்தப்பட்டது. ஜிஏஓ-வின் நிதியைப் பாதியாக்கக்கூடக் கீழவையில் முன்மொழிந்தார்கள். அரசு வேலை என்றால் ஆயுசுக்கும் நிரந்தரம் என்ற நம் ஊர் நினைப்பு அங்கே செல்லாது. ஆனால் இதே திறமைக்கு மாநிலத் தணிக்கையாளர் அலுவலகங்களில் இடம் உண்டு, நியூஜெர்சி சட்டமன்றத்துக்கே ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் பிறக்காமல், எச்-1பி பெற்றோரோடு எச்-4 விசாவில் வந்த பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஜிஏஓ வேலை குடிமக்களுக்குத்தான், குடியுரிமை வரும்வரை இதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கடைசியாக, இப்போதே தொடங்க வேண்டியது. பாதுகாப்பு விவகாரங்களைப் பார்க்கும் வேலைக்குப் பின்னணிச் சோதனை கடுமையாக இருக்கும். நியூஜெர்சியில் கஞ்சா கடையில் விற்றாலும் மத்திய சட்டத்தில் இன்னும் குற்றம்தான், படிவத்தில் கேட்பார்கள். இதை அவளிடம் வெட்கப்படாமல் பேசுங்கள். வெளிநாட்டுப் பயணம், வெளிநாட்டு உறவினர் தொடர்பு, வெளிநாட்டுச் சொத்து எல்லாவற்றையும் கேட்பார்கள். கோவையில் தாத்தா இருப்பதால் வேலை போகாது, அவரை எழுதாமல் விட்டால் போகலாம். அவள் பெயரில் சிங்காநல்லூரில் மனை வாங்கியதாக எழுதியிருந்தீர்கள். பத்திர நகல், வாங்கிய தேதி, கொடுத்த தொகை மூன்றையும் ஒரு ஃபைலில் போட்டு அவளிடமே கொடுத்து வையுங்கள்.