டி.சி.யா, வர்ஜீனியாவா? குடிவரும் முன் தெரிந்துகொள்ள

தம்பி, வாடகை, மளிகை, பள்ளிக்கூடம் பற்றிச் சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். "வாஷிங்டன் டி.சி.யில் குடியிருந்தால் ஓட்டு இல்லையாமே, விசாவில் வருகிறவனுக்கு அதனால் என்ன?" என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்களே, நான் அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஊர்க் கணக்கை இங்கே போடாதீர்கள். டெல்லிக்கு மக்களவையில் 7 பேர், மாநிலங்களவையில் 3 பேர். புதுச்சேரிக்குக்கூட இரண்டிலும் ஒவ்வொருவர். டி.சி.யில் 2020 கணக்கெடுப்பின்படி 6,89,545 பேர். வயோமிங் மாநிலத்தைவிட ஒரு லட்சத்துக்கு மேல் அதிகம், ஆனால் செனட்டர் ஒருவர்கூட இல்லை. கீழவையில் ஒரு டெலிகேட் உண்டு. அவர் பேசலாம், குழுக்களில் வாக்களிக்கலாம். மசோதாவின் இறுதி வாக்கெடுப்பில் அவருக்கு வாக்கு கிடையாது. வருமான வரி மட்டும் முழுசாகக் கட்ட வேண்டும்.

உங்களைத் தொடுகிற இடம் இது. குடியேற்ற மனு எங்காவது சிக்கினால், உங்கள் பகுதியின் செனட்டர் அல்லது பிரதிநிதி அலுவலகத்தில் தகவல் பெற ஒப்புதல் தரும் படிவத்தில் கையெழுத்திட்டு, ரசீது எண்ணோடு கொடுத்தால் விசாரிப்பார்கள். அதற்குக் குடியுரிமை தேவையில்லை. ஆற்றுக்கு அக்கரையில் வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் இருந்தால் அணுக மூன்று அலுவலகங்கள் (இரண்டு செனட்டர், ஒரு பிரதிநிதி), டி.சி.யில் டெலிகேட்டின் அலுவலகம் ஒன்றே ஒன்று.

இன்னொன்றில் மிகக் கவனம். டி.சி. கவுன்சில் (நகர மன்றம்) 2022இல் கொண்டுவந்த சட்டம், மேயர், கவுன்சில் போன்ற உள்ளூர்த் தேர்தல்களில் குடிமக்கள் அல்லாதவர்களுக்கும் வாக்கு தந்தது. அதைக் கேட்டு அவசரப்பட்டுப் பதிந்துவிடாதீர்கள். 'அமெரிக்கக் குடிமகன்' என்ற கட்டத்தில் தவறி டிக் அடித்தால் பின்னாளில் கிரீன் கார்டே பறிபோகலாம். ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போதே வாக்காளர் பதிவுக் கேள்வி வரும். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். குடியுரிமைக்கான என்-400 படிவத்திலும் இதைக் கேட்பார்கள்.

டி.சி.க்கு வாக்கில்லாத குறை இவ்வளவு காலமாக ஏன் தீரவில்லை? பிரதிநிதிகளை மாநிலங்களின் மக்களே தேர்ந்தெடுப்பார்கள் என்கிறது அரசியலமைப்பு. டி.சி. மாநிலமல்ல என்று 2000இல் நீதிமன்றமும் கைவிரித்தது. டி.சி.க்கு மாநிலம்போலப் பிரதிநிதித்துவம் தர 1978இல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 38 மாநிலங்களின் ஒப்புதல் வேண்டியிருந்தது, கிடைத்தது 16. தனி மாநிலமாக்கினால் வேறு முடிச்சு: 23ஆவது திருத்தம் தலைநகருக்கு அதிபர் தேர்தலில் வாக்களிக்கும் 3 பிரதிநிதிகளைத் (எலெக்டர்கள்) தருகிறது. வெள்ளை மாளிகையும் நாடாளுமன்றமும் சுற்றுப்புறமும் மட்டும் தலைநகராக மிஞ்சினால் அந்த மூவரை யார் தேர்ந்தெடுப்பது? அந்தத் திருத்தத்தை நீக்கவும் 38 மாநிலங்கள் வேண்டும்.

வர்ஜீனியாவின் ஆஷ்பர்னிலும் ஃபேர்ஃபாக்ஸிலும் வீடு வாங்கிவிட்டு "நாங்கள் வாஷிங்டன்" என்று சொல்லிக்கொள்ளும் நம்மவர்கள் இந்தப் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை. ஆர்லிங்டனும் ஒருகாலத்தில் தலைநகருக்குள் இருந்த இடம்தான். 1846இல் காங்கிரஸ் அதை வர்ஜீனியாவுக்குத் திருப்பிக் கொடுக்கச் சட்டம் போட்டதால்தான் அங்கே இன்று வாக்கு இருக்கிறது. 2009இல் டி.சி.க்கு வாக்குள்ள ஓர் இடம் தரும் மசோதா செனட்டில் 61-37 என நிறைவேறியபோது, கிடைத்தேவிட்டது என்றிருந்தோம். நகரத்தின் துப்பாக்கிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் ஒரு திருத்தத்தை அதோடு ஒட்டிவிட்டார்கள், கீழவையில் மசோதா அப்படியே முடங்கியது.

டி.சி.யில் வேலையில் சேரும் நாளில் ஒன்று: வீடும் டி.சி. என்றால் சம்பளத்தில் டி.சி. வரி பிடிப்பதற்கான டி-4 படிவம்; வர்ஜீனியா என்றால் டி-4ஏ கொடுங்கள், இல்லாவிட்டால் டி.சி. வரியைச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள்.