முப்பது பேர் படிக்கும் வலைப்பூவை என்ன செய்வது?

கேள்வி: என் சொந்த ஊர் பவானி. கல்யாணமாகிக் கோவைக்கு வந்துவிட்டேன். ஒன்றரை வருடமாக பிளாக்கரில் (கூகுளின் இலவச வலைப்பூத் தளம்) ஒரு வலைப்பூ எழுதி வருகிறேன். அப்பா ஜமக்காளம் நெய்தவர். அவருடைய தறி, எங்கள் தெரு, கூடுதுறை ஆடிப்பெருக்கு, அம்மாவின் சமையல், எப்போதாவது ஒரு கவிதை என்று கலந்துதான் இருக்கும். ஒரு பதிவுக்கு இருபது, முப்பது பார்வைக்கு மேல் போவதில்லை. ஒருநாள் திடீரென நானூறு காட்டியது, மறுநாள் ஒன்பது. பின்னூட்டம் போடுவது என் தங்கை மட்டும்தான். "யாருக்குத்தான் எழுதுறே?" என்று வீட்டுக்காரர் கேட்கிறார். படிப்பவர்களை எப்படி வரவழைப்பது? அதுவரை மனம் விடாமல் எழுதுவது எப்படி?

பதில்: நீங்கள் அனுப்பிய சுட்டியில் பத்துப் பதினைந்து பதிவுகளைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுத்தில் குறை இல்லை. உங்களைத் தேடி வரக்கூடியவர்கள் உள்ளே நுழைய வழி இல்லை, அவ்வளவுதான் சிக்கல்.

முதலில் அந்த நானூறைப் பார்த்துவிடலாம். அது பெரும்பாலும் மனிதர்கள் இல்லை. இணையத்தில் பக்கம் பக்கமாக மேய்ந்துகொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் உண்டு. பிளாக்கரின் புள்ளிவிவரப் பக்கம் அவற்றையும் பல நேரம் சேர்த்தே எண்ணிவிடும். உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒரே ராத்திரியில் கூட்டம் வந்ததாகக் காட்டினால் சந்தோஷப்படவும் வேண்டாம், மறுநாள் ஒன்பதைப் பார்த்துக் கலங்கவும் வேண்டாம். அதே பக்கத்தில் உங்கள் சொந்தப் பார்வைகளை எண்ணாமல் விடும் வசதி இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள். எழுத்துப்பிழை திருத்த நாமே ஏழெட்டு முறை திறந்து பார்த்திருப்போம், அதுவும் கணக்கில் ஏறியிருக்கும்.

அதற்குப் பதிலாக கூகுள் சர்ச் கன்சோலில் வலைப்பூவைச் சேருங்கள். இலவசம்தான். பிளாக்கர் வைத்திருக்கும் அதே கூகுள் கணக்கில் நுழைந்து முகவரியைக் கொடுத்தால் போதும். எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, அதில் எத்தனை பேர் அழுத்தி உள்ளே வந்தார்கள், தேடல் முடிவில் சராசரியாக எத்தனையாவது இடத்தில் நிற்கிறீர்கள் என்று 16 மாதக் கணக்கு வரை அதில் கிடைக்கும். வெறும் எண்ணிக்கை எதையும் சொல்லித்தராது. மக்கள் தட்டிய சொற்கள் சொல்லித்தரும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வலைப்பூவிலேயே சிறந்த பதிவு என்று நான் நினைப்பது குழித்தறி (தரையில் குழி வெட்டி, அதில் காலை இறக்கி உட்கார்ந்து நெய்யும் தறி) பற்றியது. அகல ஜமக்காளம் என்றால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவை (ஊடை நூலைச் சுமந்து ஓடும் கட்டை) கை மாற்றி நெய்வதையும், ஒருவர் கை வேகம் கூடினால் இன்னொருவர் முறைப்பதையும் எழுதியிருந்தீர்களே, அது. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதைப் பற்றிச் செய்திகளும் வந்திருக்கின்றன. ஆனால் தறிக்குழிக்குள் உட்கார்ந்தால் கால் எப்படி மரத்துப்போகும் என்று செய்தியாளர் எழுத மாட்டார். அதை நீங்கள்தான் எழுத முடியும்.

அந்தப் பதிவுக்கு நீங்கள் வைத்த தலைப்பு 'இழைகளின் ஈரம்'. அழகான தலைப்புதான். ஆனால் உலகத்தில் ஒருவர்கூட அதைத் தேடிப் பெட்டியில் தட்ட மாட்டார். முதல் பத்தியில் மழை பெய்கிறது, இரண்டாம் பத்தியில் காபி ஆறுகிறது, தறி வருவதற்கு மூன்றாம் பத்தி ஆகிவிடுகிறது. 'ஜமக்காளம்' என்ற சொல் ஐந்தாம் பத்தியில்தான் முதன்முதலாக எட்டிப் பார்க்கிறது. தேடுபொறிக்கு இந்தப் பதிவு எதைப் பற்றியது என்றே தெரியாது. வாட்ஸ்அப்பில் சுட்டி வந்து திறந்தவரும் மழை நிற்பதற்குள் போயிருப்பார்.

'பவானி ஜமக்காளம்: குழித்தறியில் இரண்டு பேர் நெய்யும் விதம்' என்று தலைப்பை மாற்றுங்கள். 'இழைகளின் ஈரம்' உள்ளே துணைத்தலைப்பாக இருந்துவிட்டுப் போகட்டும். முதல் இரண்டு வரியில் ஊர், பொருள், உங்கள் அப்பா மூன்றும் வந்துவிட வேண்டும். மழையை அப்புறம் பெய்ய விடலாம். அவரிடம் இருக்கும் பழைய ஜமக்காளம் ஒன்றைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துச் சேருங்கள். பாவு (நீள நூல்), ஊடை (குறுக்கு நூல்), நாடா, சாயம் போன்ற சொற்களை நீக்கி 'நூல்', 'கருவி' என்று பொதுவாக்கிவிடாதீர்கள். அந்தச் சொற்களைத் தேடித்தான் கைத்தறி படிக்கும் மாணவர்களும் வெளியூரில் இருக்கும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள்.

பிளாக்கரில் தமிழில் எழுதுபவர்கள் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. தமிழில் தலைப்பு வைத்தால் பிளாக்கர் அதை முகவரியில் சேர்க்காது. 'பிளாக் போஸ்ட்' என்று போட்டு ஏதோ ஓர் எண்ணை ஒட்டிவிடும். உங்கள் பதிவுகள் எல்லாமே அப்படித்தான் இருக்கின்றன. வெளியிடும் முன் வலப்பக்கத்தில் பெர்மாலிங்க் என்ற இடத்தைத் திறந்து, ஊர்ப் பெயரையும் பொருளின் பெயரையும் ஆங்கில எழுத்தில், நடுவில் சிறுகோடு போட்டு நீங்களே கொடுங்கள். தமிழ் விஷயத்தை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுபவர்கள் ஏராளம். அவர்களுக்கும் இது ஒரு கைகாட்டி. பழைய பதிவுகளின் முகவரியை மட்டும் தொடாதீர்கள். ஏற்கெனவே யாராவது பகிர்ந்திருந்தால் அந்தச் சுட்டி செத்துப்போகும். (வேர்ட்பிரஸ் என்ற இன்னொரு வலைப்பூத் தளத்தில் எழுதுபவர்களுக்கு நேர் எதிரான தொல்லை. தமிழ்த் தலைப்பு முகவரிக்குள் நுழைந்து, நகலெடுத்து ஒட்டினால் விழுக்காட்டுக் குறிகளாக நாலு வரிக்கு நீளும். அதைப் பார்ப்பவர் வைரஸ் என்று பயந்து அழுத்தவே மாட்டார்.)

செட்டிங்ஸில் மெட்டா டேக்ஸ் பகுதியில் தேடல் விளக்கம் என்று ஒன்று உண்டு. அதை இயக்கினால் ஒவ்வொரு பதிவுக்கும் ஓரிரு வரி அறிமுகம் எழுத இடம் கிடைக்கும். அதையும் நிரப்பிவிடுங்கள். பின்னணியில் ஓடும் பூக்கள், கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்து, இதெல்லாம் போகட்டும். போனில் ஒருமுறை நீங்களே படித்துப் பாருங்கள், மற்றதை அதுவே சொல்லும்.

சரி, தேடி வருபவர்கள் ஒரு வகை. மற்றவர்களை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். 2004ல் தமிழ்மணம் என்ற திரட்டி (பல வலைப்பூக்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தளம்) வந்த பிறகு கொஞ்ச காலம் இது சுலபமாக இருந்தது. பதிவு போட்டவுடன் திரட்டியின் முகப்பில் வந்துவிடும், அரை மணி நேரத்தில் 'மீ த ஃபர்ஸ்ட்டு' (முதல் பின்னூட்டம் என்னுடையது) என்று ஒருவர் வந்து நிற்பார். கல்யாண வீட்டு மொய் போல, அவர் வந்தால் நாமும் அவர் பதிவுக்குப் போய்ப் பின்னூட்டம் வைக்க வேண்டும். அந்தக் காலம் முடிந்துவிட்டது. பிடித்த வலைப்பூக்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடினார்கள். புதிய பதிவுகளை வாசகருக்கு மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்த ஃபீட்பர்னர் சேவையை 2021ல் நிறுத்தினார்கள். இன்னமும் பல வலைப்பூக்களின் ஓரத்தில் 'மின்னஞ்சலில் பெற' என்ற பெட்டி சும்மா நின்றுகொண்டிருக்கிறது. உங்கள் டெம்ப்ளேட்டிலும் இருந்தால் எடுத்துவிடுங்கள். முகவரி கொடுத்தவர் வராத மடலுக்குக் காத்திருப்பது நல்லதில்லை.

இன்றைக்கு வழி குறுகலானது, ஆனால் நேரானது. எந்தப் பதிவு யாருக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள். தறிப் பதிவு கைத்தறி சார்ந்த ஃபேஸ்புக் குழுக்களுக்கு, ஆடிப்பெருக்குப் பதிவு பவானி, குமாரபாளையம், ஈரோடு பக்கத்து ஊர்க் குழுக்களுக்கு, அம்மாவின் சமையல் உங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு. எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் போடாதீர்கள். வெறும் சுட்டியை வீசிவிட்டுப் போகவும் கூடாது. 'என் புதிய பதிவு, படித்துக் கருத்துச் சொல்லவும்' என்பதைப் பார்த்தால் எனக்கே கை நகர்ந்து அடுத்ததுக்குப் போய்விடுகிறது. பதிவில் இருக்கும் சுவையான ஒரு தகவலை நாலு வரியில் அங்கேயே கொடுத்துவிடுங்கள். சுட்டியைத் திறக்காதவருக்கும் ஏதாவது கிடைக்கட்டும். கூடவே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் தெருவில் இன்னும் குழித்தறி ஓடுகிறதா?" ஓடுகிறது என்று ஒருவர் சொன்னால், அவரிடம் பேசி அடுத்த பதிவையே எழுதிவிடலாம். அவர் உங்கள் வாசகராவது அப்புறம் தானாக நடக்கும்.

விக்கிப்பீடியாவில் போய் உங்கள் சுட்டியைச் செருகாதீர்கள். நீக்கிவிடுவார்கள், நீக்குவதும் நியாயம். ஆனால் தறியின் நல்ல படங்கள் உங்களிடம் இருந்தால் விக்கிமீடியா காமன்ஸில் கொடுக்கலாம். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் கொடுக்கிறோம் என்பது தெரிந்து கொடுங்கள்.

உங்களைப் போலவே எழுதும் இன்னும் சிலரைக் கண்டுபிடிப்பதும் முக்கியம். ஊர், தொழில், குடும்ப நினைவு எழுதுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் முப்பது பார்வையோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். படித்து, படித்தது தெரியும்படி இரண்டு வரி எழுதுங்கள். 'அருமை, தொடருங்கள்' கணக்கில் வராது. உங்கள் பதிவுக்குள் அவர்களுக்குச் சுட்டி கொடுங்கள். பழைய மொய்க் கணக்கில் இந்த ஒரு பழக்கம் மட்டும் இன்றைக்கும் செல்லும்.

விளம்பரம் போடலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். கூகுள் ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழ்ப் பக்கங்களையும் ஏற்கிறது. ஆனால் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். முப்பது பார்வைக்கு அது எந்தக் காலத்திலும் சேராது. அதற்குள் நெசவைப் பற்றிப் படிக்க வந்தவர் முடி உதிர்வு எண்ணெயைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். இப்போதைக்கு வேண்டாம்.

மனம் விடாமல் இருப்பது பற்றி. தினமும் எழுதுவேன் என்று முகப்பில் அறிவித்திருக்கிறீர்கள். அதை இன்றே நீக்குங்கள். உங்கள் பதிவுத் தேதிகளைப் பார்த்தேன். ஒரு வாரம் மழை, அப்புறம் இரண்டு மாத வறட்சி, நடுவில் 'தொடர்ந்து எழுதாததற்கு மன்னிக்கவும்' என்று ஒரு பதிவு. யாரிடம் மன்னிப்புக் கேட்கிறீர்கள்? மாதத்துக்கு இரண்டு பதிவு போதும். எழுத வராத வாரத்தில் பழைய பதிவு ஒன்றை எடுத்துத் தலைப்பு, முதல் பத்தி, படம் மூன்றையும் சரி செய்யுங்கள். அதுவும் எழுத்து வேலைதான். ஃபேஸ்புக்கில் போட்டது இரண்டு நாளில் கீழே போய்விடும். வலைப்பூவில் இருப்பதை மூன்று வருடம் கழித்தும் ஒருவர் தேடி எடுப்பார். அந்த ஒரு வசதிக்காகத்தான் இன்னும் வலைப்பூ எழுதச் சொல்கிறேன். அதனால்தான் பார்வைக் கணக்கை மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் திறக்க வேண்டாம் என்பதும்.

கவிதைகளை என்ன செய்வது? எழுதுங்கள், ஆனால் அவற்றுக்கு வாசகர் எண்ணிக்கை பார்க்காதீர்கள். தேடிப் படிக்கும் விஷயம் ஒன்று, உங்களுக்காக எழுதுவது ஒன்று என்று மாறி மாறி வந்தால் இரண்டும் பிழைக்கும். தேடலுக்காகவே எழுதத் தொடங்கினால் ஆறே மாதத்தில் 'ஜமக்காளம் துவைக்கப் பத்து வழிகள்' என்று எழுதிக்கொண்டிருப்பீர்கள். அதைச் செய்ய ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், ஒரு நல்ல பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டும்போது அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அப்பா நிச்சயம் இரண்டு தப்பாவது கண்டுபிடிப்பார். அந்தத் திருத்தங்களைப் பதிவின் கீழே அவர் சொன்ன மாதிரியே சேருங்கள். வாசகர்களுக்கு அந்தப் பகுதிதான் பிடிக்கும் என்பது என் கணிப்பு.

இன்னொன்று, பிளாக்கர் செட்டிங்ஸில் வலைப்பூ முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். இருபது முப்பது நல்ல பதிவுகள் சேர்ந்ததும் மின்னூலாக்கலாம். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் வலைப்பதிவுத் தொகுப்புகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (பிறரும் பகிர எழுத்தாளரே தரும் பொது அனுமதி) இலவச மின்னூலாக வெளியிடுகிறார்கள். விலைக்குப் போட விரும்பினால் அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் தமிழுக்கு இடம் உண்டு. நூலாக வரும்போது படிப்பவர்கள் வேறு ஆட்கள். அவர்களில் சிலர் வலைப்பூவுக்கும் வருவார்கள்.

இந்த வாரம் குழித்தறிப் பதிவை மட்டும் திருத்துங்கள், சர்ச் கன்சோலைச் சேருங்கள். மூன்று மாதம் கழித்து அதில் வந்திருக்கும் தேடல் சொற்களை எனக்கு அனுப்புங்கள். அடுத்து எதை எழுதலாம் என்று அதை வைத்துப் பேசலாம்.